கடல் நீந்தக் கற்ற கதை



நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையில் ஓய்வின்றி ஒருவரே செய்து முடிக்க வேண்டிய போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். ஒலிம்பிக் பந்தயத்தில் வழங்கும் அளவைச் சொல்கிறேன், கேளுங்கள். 1,500 மீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் மிதிவண்டி, 10 கிலோமீட்டர் ஓட்டம். ஐம்பத்தொன்றரைக் கிலோமீட்டர் வழியில் நீரில் கழிவது ஒன்றரைக் கிலோமீட்டர்தான். நூற்றில் மூன்று பங்கு என்று கொள்ளலாம். ஆயினும் புதிதாகச் சேர்கிறவர்கள் அஞ்சுவது அந்த மூன்று பங்குக்கே. அந்த அச்சத்தை வீண் அச்சம் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்க நாட்டில் 1985 முதல் 2016 வரை இப்போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும், இதயம் நின்றுபோன நிகழ்ச்சிகளையும் மருத்துவ அறிஞர்கள் திரட்டி ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 135 பேர். அவர்களுள் 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சல் பகுதியில்.

மிதிவண்டியில் கால் ஓய்ந்தால் இறங்கி நிற்கலாம். ஓட்டத்தில் மூச்சு வாங்கினால் புளியமர நிழலில் உட்காரலாம். நீரில் நிற்க இடமில்லை. ஆகவே முதன்முறையாக இப்போட்டியில் இறங்க விரும்பும் இளைஞன் நீச்சலுக்கு எவ்வாறு ஆயத்தமாவது என்று கேட்டால், பயிற்சியாளர்கள் அவனுக்கு வாரக் கணக்கில் அட்டவணை எழுதித் தருவார்கள். நான் பயிற்சியாளன் அல்லன். பள்ளியில் வரலாறு கற்பித்தவன். எனக்குத் தெரிந்த வழி, இதற்கு முன் திறந்த நீரில் இறங்கியவர்கள் எப்படி ஆயத்தமானார்கள் என்று பார்ப்பது. அப்படிப் பார்க்கும்போது ஓர் உண்மை திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. புகழ்பெற்ற கடல் நீச்சல்காரர்களுள் பலர் முதல் முயற்சியில் கரை சேராதவர்கள். முதல் முயற்சிக்கும் வெற்றி பெற்ற முயற்சிக்கும் இடையே அவர்கள் எதை மாற்றிக்கொண்டார்கள்? அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

எங்கள் விருத்தாசலம் கடற்கரை ஊர் அன்று. ஊரை ஒட்டி மணிமுத்தாறு ஓடுகிறது. ஓடுகிறது என்ற சொல் ஐப்பசி கார்த்திகைக்குத்தான் பொருந்தும். ஏனைய மாதங்களில் மணல்தான். அந்த நீர் வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. சுந்தரர் தாம் இவ்வூரில் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்னும் பழமொழி அதிலிருந்து பிறந்தது. நீச்சலைப் பொறுத்தவரை நம் பிள்ளைகள் அதற்கு மறுதலையாகச் செய்கிறார்கள்: குளத்திலே கற்றதைக் கடலிலே தேடுகிறார்கள். சுந்தரருக்குக் கிடைத்தது, எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

குளத்தில் கற்பது இழிவென்று யாரும் எண்ண வேண்டா. நீர்விளையாட்டு நம் நாட்டில் மிகப் பழையது. புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவரின் பாட்டொன்று உண்டு. கோலூன்றி நடக்கும் முதியவர், இளமையில் மருதமரக் கிளையேறி ஆழ்ந்த மடுவிலே குதித்து, அடியிலிருந்து மணலை அள்ளி வந்து கரையில் நின்றவர்க்குக் காட்டிய நாளை நினைந்து இரங்குவதாக அது அமைந்தது. அந்த மரபு நேற்றுவரை நம் சிற்றூர்களில் உயிரோடிருந்தது. கமலைக் கிணறுகள் இருந்த காலத்தில், சிறுவனின் இடுப்பிலே சுரைக்குடுக்கையைக் கட்டி, கயிற்றின் மறுநுனியைத் தகப்பனோ மாமனோ பிடித்துக்கொண்டு நீரில் இறக்கிவிடுவார்கள். பத்து நாளில் குடுக்கை போய்விடும். இன்னும் பத்து நாளில் கயிறும் போய்விடும். மல்லாந்து மிதப்பதைப் பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள். இன்று பல வயல்களில் ஆழ்துளைக் கிணறுகள் வந்துவிட்டன. ஆறு அங்குலக் குழாயில் யார் நீந்துவது?

கிணறு கற்பித்தவை இரண்டு: நீரைக் கண்டு அஞ்சாமை, அசையாமல் மிதத்தல். அது கற்பிக்காதவையும் இரண்டு: நெடுந்தொலைவு செல்லல், அசையும் நீரில் திசை தவறாமை. எத்தனை வீச்சு போட்டாலும் கிணற்றின் மறுசுவர் வந்துவிடுகிறதன்றோ? நகரத்து நீச்சற்குளத்துக்கும் இதுவே குறை. 25 மீட்டர் நீளமுள்ள குளத்தில் 1,500 மீட்டர் நீந்துகிறவன் 59 முறை சுவரில் திரும்புகிறான். ஒவ்வொரு முறையும் காலால் உதைத்து உந்து பெறுகிறான். தான் அறியாமலே 59 சிறு ஓய்வும் பெறுகிறான். திறந்த நீரில் அந்தச் சுவர் இல்லை.

ஒன்றரைக் கிலோமீட்டர் திறந்த நீரை நீந்திய பழைய நிகழ்ச்சி ஒன்று ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். கவிஞர் பைரன் 1810-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள், ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையிலுள்ள டார்டனெல்ஸ் நீரிணையை நீந்திக் கடந்தார். லியாண்டர் என்பவன் தன் காதலியைக் காண இரவுதோறும் நீந்திய இடம் என்று கிரேக்கக் கதை சொல்வது அதனைத்தான். பைரன் காலில் ஊனத்தோடு பிறந்தவர். நிலத்தில் நொண்டி நடந்தவர் நீரில் வல்லவராயிருந்தார். அந்த நீரிணை அவர் கடந்த இடத்தில் ஏறத்தாழ ஒரு மைல் அகலம். ஆனால் நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்துச் சென்றதால் நான்கு மைலுக்குமேல் செல்ல நேர்ந்ததாக அவர் கணக்கிட்டார். பிடித்த நேரம் 1 மணி 10 நிமிடம். இதிலே பலர் மறந்துவிடும் செய்தி, சில வாரங்களுக்கு முன் ஏப்ரலிலேயே அவர் ஒருமுறை இறங்கி, குளிரும் ஓட்டமும் மிகுந்திருந்தமையால் கைவிட்டுத் திரும்பியவர் என்பது. மே மாதத்தில் அவர் தோள் வலுத்துவிடவில்லை. நீர்தான் சற்று வெதுவெதுப்பாயிற்று.

இனி ஆங்கிலக் கால்வாயைப் பார்ப்போம். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே அது மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 33 கிலோமீட்டர். அதனை எத்துணையுமின்றி முதலில் நீந்திக் கடந்தவர் மாத்யூ வெப் என்னும் வணிகக் கப்பல் தலைவர். 1875-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள் தேம்ஸ் ஆற்றில் 20 மைல் நீந்திப் பார்த்துக்கொண்டார். ஆகஸ்டு 12-ஆம் நாள் கால்வாயில் இறங்கினார். காற்றும் அலையும் மிகவே திரும்பிவிட்டார். பன்னிரண்டு நாள் கழித்து, ஆகஸ்டு 24-ஆம் நாள் டோவரில் இறங்கி, மறுநாள் கலே கரையில் ஏறினார். 21 மணி 45 நிமிடம் ஆயிற்று. உடம்பில் கடற்பன்றியின் எண்ணெய் பூசிக்கொண்டு, தவளை நீச்சலிலேயே அவ்வளவு நேரமும் சென்றார். வழியில் சொறிமீன் கொட்டியது. கரை கண்ணுக்குத் தெரிந்த பின்னரும் ஓட்டம் அவரை ஐந்து மணி நேரம் அண்டவிடவில்லை. நேர்வழி 33 கிலோமீட்டரே ஆயினும், ஓதம் ஏறியும் வடிந்தும் இழுத்த இழுப்பில் அவர் வளைந்து வளைந்து சென்ற வழி 60 கிலோமீட்டருக்கு மேல் என்பர். பன்னிரண்டு நாளில் ஒருவன் புது வலிமை பெற்றுவிட முடியாது. வெப் மாற்றிக்கொண்டது நாளையும் பொழுதையும்தான்.

அவரது முடிவையும் சொல்லிவிட வேண்டும். 1883 ஜூலை 24-ஆம் நாள் பரிசுப் பணத்தை நாடி நயாகரா அருவியின் கீழுள்ள சுழல்நீரில் இறங்கி உயிரிழந்தார். பொறுத்திருந்து நாள் பார்த்துக் கால்வாயை வென்றவர், பொறுத்தாலும் தணியாத நீரில் இறங்கினார்.

வெப்புக்குப் பின் 36 ஆண்டுகள் யாராலும் கால்வாயைக் கடக்க முடியவில்லை. தாமஸ் பர்ஜஸ் என்பவர் பலமுறை தோற்று 1911-இல் கடந்தார். இந்த பர்ஜஸ்தான் பின்னர் அமெரிக்கப் பெண் கெர்ட்ரூட் எடர்லிக்குப் பயிற்சி அளித்தார். எடர்லியின் முதல் முயற்சி 1925-இல். அப்போது அவருக்கு வேறொரு பயிற்சியாளர் இருந்தார். எடர்லி நீரில் தளர்ந்துவிட்டதாக எண்ணி, உடன் நீந்தியவரை அனுப்பி அவரைப் பிடிக்கச் செய்தார். பிறர் கை பட்டால் முயற்சி முடிந்தது என்பது கால்வாய் விதி. தாம் தளரவில்லை, சற்று இளைப்பாறினேன் என்று எடர்லி சொன்னார்; பயன் இல்லை. மறு ஆண்டு பர்ஜஸைத் துணைக்கொண்டு வந்தார். மோட்டார் சைக்கிள்காரர் அணியும் கண்ணாடியை எடுத்து, ஓரத்தில் மெழுகை உருக்கி அடைத்து, நீர் புகாத கண்ணாடியாக்கிக்கொண்டார். அதனால் முகத்தை நீரில் வைத்து முன்கை வீச்சு நீச்சலை இடைவிடாது தொடர முடிந்தது. 1926 ஆகஸ்டு 6-ஆம் நாள், இருபது வயதில், ஏறத்தாழ பதினான்கரை மணி நேரத்தில் கரையேறினார். ஆடவரின் அன்றைய சாதனையைவிட அது இரண்டு மணி குறைவு. பெண்களால் இயலாது என்று எழுதிய செய்தித்தாள்காரர்கள் மறுநாள் என்ன எழுதியிருப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

நம் நாட்டவரும் பின்தங்கவில்லை. லண்டனுக்குச் சட்டம் பயிலச் சென்ற வங்காளத்து இளைஞர் மிகிர் சென், அங்கேதான் முன்கை வீச்சு நீச்சலை முறையாகக் கற்றார். பலமுறை முயன்று தோற்று, 1958 செப்டம்பர் 27-ஆம் நாள் 14 மணி 45 நிமிடத்தில் கால்வாயைக் கடந்தார். இந்தியருள் முதல்வர் அவரே. அடுத்த ஆண்டு கல்கத்தாவின் ஆரதி சாகா. பதினோரு வயதில் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நீந்திய சிறுமி அவர். 1959 ஆகஸ்டு 27-ஆம் நாள் அவர் புறப்பட வேண்டிய வேளையில் வழிகாட்டிப் படகு நாற்பது நிமிடம் பிந்தி வந்தது. நாற்பது நிமிடம் என்ன பெரிது என்று கேட்கத் தோன்றும். ஓதம் காத்திருப்பதில்லை. இங்கிலாந்துக் கரை சில மைல் தொலைவில் இருக்கையில் எதிர் ஓட்டம் தொடங்கிவிட்டது. அவர் கைவிட வேண்டியதாயிற்று. முப்பத்து மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 29-ஆம் நாள் மீண்டும் இறங்கி 16 மணி 20 நிமிடத்தில் முடித்தார். ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி என்ற பெயர் அவருக்கு உரியதாயிற்று.

இப்போது நம் வீட்டு வாசலிலுள்ள கடலுக்கு வருவோம். தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையே கிடக்கும் பாக்கு நீரிணை, 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராயிருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயரைத் தாங்குவது. இந்நீர்ப்பரப்பு ஆழமற்றது. ஆழமற்றதாகையால் எளிது என்று எண்ணிவிடாதீர்கள். ஆழங்குறைந்த நீரில் காற்று வீசினால் அலை குட்டையாகவும் நெருக்கமாகவும் எழும். நீந்துகிறவன் மூச்சு வாங்க முகந்திருப்பும் போதெல்லாம் வாயில் அறையும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள மணல்திட்டுகளின் இடைவெளிகளில் நீர் புகுந்து விரையும். வடகிழக்குப் பருவக்காற்றில் ஓட்டம் ஒரு திசை, தென்மேற்கில் மறுதிசை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் கடல் சற்றே அடங்கியிருக்கும். நீந்திக் கடந்தவர்களின் நாட்களைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த இரு மாதங்களில் விழக் காணலாம்.

இந்நீரிணையை முதலில் நீந்திக் கடந்தவர் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி என்னும் தமிழர். 1954-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வல்வெட்டித்துறையில் இறங்கி, ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்தி, நம் கோடியக்கரையில் ஏறினார். நேர்க்கோட்டில் பார்த்தாலே 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. வல்வெட்டித்துறை கடலோடிகளின் ஊர். 1938-இல் அமெரிக்க நாட்டுக் குளோஸ்டர் துறைமுகம் வரை சென்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அங்கே கட்டப்பட்டதே. எந்த நாளில் நீர் எப்பக்கம் இழுக்கும், இரவில் எந்த விண்மீனைக் குறிவைத்துப் படகு செலுத்துவது என்பவை தலைமுறை தலைமுறையாக அறிந்த மக்கள் வாழும் கரை அது. இத்தகைய அறிவுக்குப் பள்ளிச் சான்றிதழ் கிடையாது. ஆங்கிலக் கால்வாய் வீரர்களின் பெயரை ஒப்பிக்கும் நம் மாணவர்களுள் எத்தனை பேர் நவரத்தினசாமியின் பெயரைக் கேட்டிருப்பார்கள்? நம் பாட நூல்களைப் பற்றி எனக்கு இதில் நெடுநாள் வருத்தம் உண்டு.

பன்னிரண்டு ஆண்டு கழித்து மிகிர் சென் வந்தார். 1966 ஏப்ரல் 5-ஆம் நாள் தலைமன்னாரில் இறங்கி, மறுநாள் தனுஷ்கோடியில் ஏறினார். 25 மணி 36 நிமிடம். இந்தியக் கடற்படைக் கப்பல்கள் உடன் வந்தன. அவர் ஏறிய தனுஷ்கோடி அப்போது ஊராக இல்லை. 1964 டிசம்பர்ப் புயலில் இரயில் நிலையமும் கோயிலும் வீடுகளும் அழிந்து மணல்மேடாய்க் கிடந்தது. மனிதரின் ஊரையே வாரிச்சென்ற கடல், பதினாறு மாதம் கழிந்து ஒரு மனிதனைப் பத்திரமாகக் கொணர்ந்து கரையில் விட்டது. அதே ஆண்டில் அவர் ஜிப்ரால்டரையும், பைரன் அகலத்தில் கடந்த டார்டனெல்ஸை நெடுக்கிலும், பாஸ்பரஸையும், பனாமா கால்வாயையும் நீந்தி முடித்தார்.

வல்வெட்டித்துறையிலிருந்து இன்னொருவர் எழுந்தார். ஆழிக்குமரன் என்று மக்கள் அழைத்த வி. எஸ். குமார் ஆனந்தன், 1971-இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவுமாக 51 மணி நேரத்தில் நீந்தினார். ஒருமுறை கடந்து கரை தொட்டவனுக்கு மறுபடி அந்நீரில் இறங்க எத்தகைய மனம் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். 1984 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் உயிர் நீத்தார். பாக்கு நீரிணையின் நீர் ஏப்ரலில் 28 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்கும். ஆங்கிலக் கால்வாயில் நடுக்கோடையிலும் 15 முதல் 18 பாகைதான். இரண்டும் கடல் என்ற பெயரால் ஒன்று. நீந்துகிறவன் உடம்புக்கு இரண்டும் வேறு.

பின்னர் நம் குற்றாலீசுவரன். 1994-இல், பதின்மூன்று வயது நிறையுமுன், பாக்கு நீரிணையில் தொடங்கி ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்து, மிகிர் சென்னின் ஐந்து என்ற கணக்கை மிஞ்சினார். 2004-இல் வங்காளத்துப் பூலா சௌத்ரி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஏறத்தாழ 14 மணி நேரத்தில் வந்தார். 2021 மார்ச்சில் சியாமளா கோலி என்னும் பெண்மணி 47-ஆம் வயதில் அதே வழியை முடித்தார்.

இந்த நெடுங்கதைக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் நீந்தப் போகிறவனுக்கும் என்ன தொடர்பு? டிரையத்லான் பிறந்த கதையைக் கேட்டால் தொடர்பு விளங்கும். 1974 செப்டம்பர் 25-ஆம் நாள் கலிபோர்னியாவிலுள்ள சான் டியேகோ நகரில், மிஷன் விரிகுடாவின் கரையில், ஓட்டக்காரர்கள் சிலர் பொழுதுபோக்காக முதற்போட்டியை நடத்தினார்கள். அதில் ஓட்டம் முதலிலும் நீச்சல் பின்னரும் வந்தன. 1978 பிப்ரவரியில் ஹவாய்த் தீவுகளில் ஜான் காலின்ஸ் என்னும் கடற்படை அலுவலர், அங்கே முன்னரே நடந்துவந்த கடல் நீச்சல், மிதிவண்டிச் சுற்று, மாரத்தான் ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தார். கடல் நீச்சல் மட்டும் 3.8 கிலோமீட்டர். பதினைவர் புறப்பட்டனர், பன்னிருவர் முடித்தனர். அங்கே நீச்சல் முதலில் வைக்கப்பட்டது. இன்றும் அதுவே வழக்கம். கால் ஓய்ந்தவனை நீரில் இறக்குவதைவிடத் தெம்புள்ளவனை இறக்குவது நன்றன்றோ? 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இப்போட்டி இடம்பெற்றபோது வீரர்கள் குதித்தது சிட்னித் துறைமுகத்தின் கடல் நீரில். ஆக, இந்த விளையாட்டின் நீச்சல், குளத்தின் பிள்ளை அன்று, கடலின் பிள்ளை.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று இதனை வேறு வகையில் காட்டுகிறது. 2010-இல் தில்லியில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தபோது டிரையத்லான் சேர்க்கப்படவில்லை. நீச்சற்பகுதிக்கு ஏற்ற நீர்நிலை அங்கே இல்லை என்பதே காரணம். யமுனை என்னும் பேராறு பாயும் தலைநகரில் ஒன்றரைக் கிலோமீட்டர் நீந்த இடமில்லாமற் போயிற்று! 2019 அக்டோபரில் கோவாவின் மீராமார்க் கடற்கரையில் 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சலோடு கூடிய பெரும்போட்டி நடந்தது. அங்கே இறங்கியவர்களுள் பலர் நம்மைப்போல் உள்நாட்டு ஊர்களில் குளத்தில் பயின்றவர்கள்.

அப்படிப் பயில்கிறவன் செய்யத்தக்கவை சிலவற்றை மேற்சொன்ன வரலாற்றைக் கொண்டே கூறலாம். எடர்லிக்குக் கண்ணாடி எவ்வளவு உதவியதோ அவ்வளவு இவனுக்கு மூச்சு உதவும். முகம் நீரில் இருக்கும்போதே மூச்சை முழுதும் விட்டுவிட வேண்டும். தலையைத் திருப்பும் கணம் உள்ளிழுப்பதற்கு மட்டும். இரண்டையும் மேலே வந்து செய்ய முயல்கிறவன் அரை மூச்சிலேயே ஓடுவான். நூறு மீட்டரில் நெஞ்சடைக்கும். இடம், வலம் இரு பக்கமும் மூச்சு வாங்கப் பழகினால், அலை எப்பக்கம் அடித்தாலும் மறுபக்கம் இருக்கிறது. திசைக்கு, பத்துப் பன்னிரண்டு வீச்சுக்கு ஒருமுறை முதலை பார்ப்பதுபோலக் கண்ணை மட்டும் நீர்மட்டத்துக்குமேல் உயர்த்தி, எல்லை மிதவையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குளத்தின் அடியிலுள்ள கறுப்புக் கோட்டைப் பார்த்தே பழகியவர்கள் இதை மறந்து, நெடுந்தொலைவு கோணலாகச் சென்றுவிட்டுத் திரும்புவார்கள். சுவரை உதைக்காமல் குளத்தின் நடுவிலேயே திரும்பிப் பழகுவதும் நல்ல உபாயம். பிறகு, பந்தயத்துக்கு முன்பே சிலமுறையேனும் திறந்த நீரில் நீந்தியாக வேண்டும்; தனியே அன்று, படகோ தேர்ந்த துணையோ உடனிருக்க. கடலூர், புதுச்சேரிக் கரைகளில் அலை உடையும் இடத்திலிருந்து நீர் கடலை நோக்கி இழுக்கும் பட்டைகள் உண்டு. அதிலே அகப்பட்டவன் எதிர்த்து நீந்தித் தளர்வதைவிடக் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகுவதே பிழைக்கும் வழி. அவ்விடத்து மீனவர்களைக் கேட்டால், அன்றைய நாளில் எங்கே இழுப்பு என்று விரல் நீட்டிக் காட்டுவார்கள்.

மரணக் கணக்கை முன்னே சொன்னேன். அவர்களுள் பெரும்பாலோர் நடுவயது கடந்த ஆடவர்கள். இதைக் கேட்கும் மாணவர்கள் தங்கள் தந்தையரிடம் சொல்லட்டும்: போட்டிக்குப் பெயர் கொடுக்குமுன் இதயத்தை மருத்துவரிடம் காட்டிக்கொள்ள வேண்டும். இளையோர்க்கு வரும் ஆபத்து வேறு வகை. நூறு பேர் ஒருங்கே நீரில் பாய்கிறார்கள், ஒருவன் கால் மற்றவன் முகத்தில் படுகிறது, நெஞ்சு படபடக்க, முதல் இருநூறு மீட்டரைப் பறந்து கடக்க முயல்கிறான், மூச்சு சிதறுகிறது. அப்போது செய்ய வேண்டியது கிணற்றில் கற்ற பழைய வித்தைதான். மல்லாந்து மிதந்து, வானத்தைப் பார்த்து, பத்து மூச்சு எண்ண வேண்டும்.

அதுவும் போதாதென்றால் விதி ஒன்று அவனுக்குத் துணை நிற்கிறது. ஆங்கிலக் கால்வாயில் பிறர் கை பட்டதனால் எடர்லியின் ஓராண்டு உழைப்பு வீணாயிற்று. டிரையத்லான் விதி அத்தனை கடுமையானதன்று. காவலுக்கு நிற்கும் சிறுபடகையோ மிதவையையோ நீச்சல்காரன் பற்றிக்கொண்டு இளைப்பாறலாம். அதைப் பிடித்தபடி முன்னே நகராத வரையில் போட்டியிலிருந்து அவனை நீக்கமாட்டார்கள். கையை உயர்த்தினால் படகு அருகே வரும். புதியவர்களுள் பலருக்கு இவ்விதி தெரிவதில்லை; தெரிந்தவர்களும் நாணத்தால் கையை உயர்த்துவதில்லை. பெயர் பதியும் நாளன்றே விதிப்புத்தகத்தில் அந்தப் பகுதியைத் தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.